படலண்ணே

ஜூலை 3, வியாழன்

பழங்காநத்தம் கிரவுண்டில் இன்றும் யாரோ பிரியாணி மிச்சத்தைக் கொட்டியிருந்தார்கள். அள்ளிப் போட்டுவிட்டுத்தான் கபடிக்குக் கோடு போட்டோம். இரண்டு தடவை சோப்புப் போட்டும் கையில் நாற்றம் போகவில்லை.

நான் கார்னர். பாடி வருகிறவள் காலைப் பிடிப்பது என் வேலை. கோச் வீரணன் அண்ணன் இன்றும் அதையேதான் சொன்னார். "அவசரப்பட்டு கைய நீட்டாத தாமரை. அவ கால் மண்ணுல பதியட்டும், பொறு." எம்புட்டு நேரம்தான் பொறுப்பது?

ஜூலை 7

இன்று நான் பாடிப் போய் சத்யப்ரியா தோளைத் தொட்டேன். படவே இல்லை என்று நின்றாள். பட்டால் பட்டவளே கையைத் தூக்கிவிட்டு வெளியே போவதுதான் எங்கள் டீம் வழக்கம். பயிற்சி ஆட்டத்தில்கூடவா பொய்? மூஞ்சியைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆட்டம் முடிந்ததும் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கவில்லை.

ஜூலை 12

முப்பது தடவையில் பத்தொன்பது பிடித்தேன். முட்டித் தோல் போச்சு.

ஜூலை 20, ஞாயிறு

திருமங்கலத்தில் மாவட்ட டீமுக்கு ஆள் எடுத்தார்கள். எதிர்ப் பக்கம் அவனியாபுரத்து அன்னக்கொடி. மூன்று தடவை பாடி வந்து வெறுங்கையோடு திரும்பியிருந்தாள். நாலாவதுதான் கடைசி. அவள் கால் என் பக்கம் வந்தது. பதியவில்லை, அதற்குள் கையை நீட்டித் தொலைத்தேன். குதிகால் என் சுண்டுவிரலில் உரசியது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் கோட்டைத் தாண்டிப் போய், பட்டது, பாயிண்ட் என்று கை காட்டினாள்.

அம்பயர் பார்க்கவில்லை. என்னைக் கேட்டார். "பட்டுச்சாம்மா?"

"படலண்ணே."

எம்புட்டு சுளுவா வருது வாயில! அன்னக்கொடி சண்டை போடவில்லை. என் விரலை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பையை எடுக்கப் போனாள்.

பஸ்ஸில் சத்யப்ரியா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பாட்டிலை நீட்டினாள். வாங்கிக் குடித்தேன். ச்சீ.

ஜூலை 22

லிஸ்ட் வந்தது. நான் இருக்கிறேன். அன்னக்கொடி இல்லை.

ஜூலை 23

சொல்லிரலாமா? சொன்னா என் பேர எடுத்துருவாங்க. அதுக்காக அவ பேர சேர்ப்பாங்களா — பாரு, சொல்லாம இருக்கக் காரணம் தேடுறேன். தூ.

ஆகஸ்ட் 4, திங்கள்

கேம்ப் முதல் நாள். பயிற்சி ஆட்டத்தில் பாடி வந்த ஒருத்தியின் விரல் என் தோளில் பட்டது. யாரும் கவனிக்கவில்லை. கையைத் தூக்கிவிட்டு வெளியே போனேன்.

கேம்ப் கோச் ஆட்டத்தை நிறுத்தினார். "பாத்துக்கங்க, இதான் ஒழுக்கம். எல்லாரும் இவளுக்கு ஒரு கைதட்டு."

பதினோரு பேரும் தட்டினார்கள். தட்டி முடிக்கும்வரை அங்கேயே நின்றேன்.