போன் எங்கேஜாக இருந்த சாயங்காலம்

7-2-1999
மோடம் என்று ஒரு டப்பாவை மகன் என் போன் வயரில் சொருகிவிட்டான். பேண்டேஜ் துணி ஆர்டர் எல்லாம் இனி இன்டர்நெட்டில்தான் வருமாம். பேரன் பிறந்த வருஷம் எழுதிப்போட்டு, அவன் பள்ளிக்கூடம் போன பிறகு வந்த போன். என் பேரில் இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

15-2-1999
தம்பி தவசிமுத்து தன் மகள் கனிக்கு மாப்பிள்ளை உறுதி செய்துவிட்டானாம். ஸ்ரீவில்லிபுத்தூர் போய்வந்த மகன் சொல்கிறான். அத்தைக்காரி சரி என்று சொல்லாமல் எங்கள் வீட்டில் தட்டு மாற்றியதே கிடையாது. தட்டைத் தூக்கிக் கொடுப்பதும் அவள்தான். நேற்று தம்பி பொண்டாட்டியின் தங்கை இசக்கியம்மாள் தூக்கிக் கொடுத்தாளாம். நான் என்ன செத்தா போயிட்டேன்?

16-2-1999
சோறு இறங்கவில்லை.

18-2-1999
இன்றைக்குத்தான் முழு விஷயமும் தெரிந்தது. மாப்பிள்ளை வீட்டார் திடீரென்று வந்து, அன்றைக்கே உறுதி பண்ண வேண்டும் என்று உட்கார்ந்துவிட்டார்களாம். தம்பி என்னிடம் கேட்க போன் போட்டிருக்கிறான். போடப் போட எங்கேஜ். சிங்கப்பூர் மாப்பிள்ளை வேண்டாம் என்று நான் முன்பே சொல்லியிருந்தேன் — அதனால் வேண்டுமென்றே போனை எடுத்துக் கீழே வைத்துவிட்டேன் என்று நினைத்துவிட்டான்.

அந்தச் சாயங்காலம் மருமகள் பரிபூரணம் கம்ப்யூட்டரில் இருந்தாள். அதுக்கும் என் போனுக்கும் என்னட்டி சம்பந்தம் என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். மோடம் கம்பெனி நம்பருக்குப் போன் போடும். அந்தப் பக்கம் பேரும் பாஸ்வேர்டும் கேட்கும். சரியாக இருந்தால் நம் கம்ப்யூட்டருக்கு ஒரு நம்பர் கொடுக்கும். பிறகு கடிதத்தைத் துண்டு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் விலாசம் எழுதிய உறையில் போட்டு, போன் வயரில் போகத் தோதாக அதன்மேல் இன்னொரு உறை போடும். அங்கே மேல் உறையைக் கிழித்துவிட்டு, உள் உறையை விலாசத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் அரண்மனையிலிருந்து மதுரைக்கு ராஜா போகச் சுரங்கம் இருந்தது என்பார்களே, அது மாதிரியா என்று கேட்டேன்.

"அதே மாதிரிதான் அத்தை. நாம உள்ள இருக்கிற வரைக்கும் வேற யாரும் நுழைய முடியாது."

புரிந்தது. ஐந்தாவது படித்த மண்டைக்கு நன்றாகவே புரிந்தது.

19-2-1999
நானே தம்பிக்குப் போன் போட்டேன். உறை, மேல் உறை, சுரங்கம் — ஒன்று விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டான்.

"போன எடுத்துக் கீழ வச்சிட்டு, இப்பம் மிஷின் மேல பழியப் போடுதியாக்கா? அஞ்சாங் கிளாசுக்கு இம்புட்டுக் கதை எதுக்கு?"

வைத்துவிட்டேன். பரிபூரணத்தைப் பேசச் சொல்லியிருக்கலாம். எதுக்குச் சொல்லணும்? நான் சொன்னா பொய்யா?

2-5-1999
கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்திருக்கிறது. மூலையில் மஞ்சள் தடவியிருக்கிறான். பஸ் ஏறி வந்து வைக்க ஆளில்லை. போகமாட்டேன்.

11-6-1999
கனி சிங்கப்பூரிலிருந்து கல்யாணப் படம் அனுப்பியிருக்கிறாள் என்று பரிபூரணம் கூப்பிட்டாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. முதலில் பந்தல். அப்புறம் கனியின் நெற்றிச்சுட்டி, தம்பியின் நரைத்த தலை. செத்த நேரம் கழித்து, அவன் பக்கத்தில் ஓர் அரக்குப் பட்டு. இசக்கியம்மாள். கையில் தட்டு.

"ரொம்ப நேரமா லைன்ல இருக்கோம் அத்தை. யாராச்சும் போன் போடுவாக. கட் பண்ணிரட்டுமா?"

இருக்கட்டும் என்றேன்.