எண்பத்து மூன்று பந்துகள்

ஜூன் 13, வெள்ளி

ஸ்ட்ராபெரி ஜாம் பதினெட்டு ஜாடி. ஒன்று விரிசல். மாலையில் பேஸ்பால் ஆட்டம், கர்ட்டிஸ் வீசினான், 3–0, ஜெயித்தோம். ஏழு ஆட்டத்தில் நம் பையன்கள் விட்டுக்கொடுத்த ரன் மொத்தமே ஐந்து. அடிக்கத்தான் ஒருத்தனுக்கும் வரவில்லை.

"உங்க மகன் கைதான் இந்த ஊரையே தூக்கிட்டுப் போகுது, லோரீன்" என்றார் கோச் ரஸ். அந்தக் கை ஒரு தோளில் தொங்குகிறது என்று சொல்ல வந்தேன். ஸ்கோர் புத்தகத்தை மூடி எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

பன்னிரண்டாவது வெற்றி. தீவனக் கடை வாசலில் இன்றும் கேலி: பத்தாவதோடு நின்றவளுக்கு ஸ்கோர் புத்தகமா? இஸ்திரி போட்டுக்கொண்டே ரேடியோ கேட்டுக் கற்றதுதான். ஆறு வருடமாக நான் எழுதுகிறேன், வீசும் பந்துக்கு ஒரு புள்ளி. ஒரு புள்ளி பிசகு இருந்தால் காட்டட்டும்.

ஜூலை 29, செவ்வாய்

அரையிறுதி. 1–0. ஜெயித்தோம்.

பையன்களின் தோள் கெடாமலிருக்க ஒரு விதி: எண்பது பந்து வரை வீசினால் மூன்று நாள் ஓய்வு. ஒன்று கூடினாலும் நான்கு நாள். சனிக்கிழமை இறுதி ஆட்டம்—அதாவது எண்பது என்றால் கர்ட்டிஸ் வீசலாம், எண்பத்தொன்று என்றால் முடியாது. ஆட்டம் முடிந்ததும் இரண்டு அணிப் புத்தகத்தையும் ஒப்பிட்டோம். எதிரணிக்கு எழுதும் பெண்ணிடம் எண்பது. என்னிடம் எண்பத்து மூன்று. ஐந்தாவது இன்னிங்ஸில் அவள் பாப்கார்ன் வாங்கப் போனபோது மூன்று பந்து மட்டையில் பட்டுக் கோட்டுக்கு வெளியே போயின; அவையும் கணக்கில் சேரும். மைதானம் நம்முடையது, நம் புத்தகம்தான் செல்லும்.

ரஸ் குனிந்தார். "எண்பதுன்னே இருக்கட்டும், லோரீன். அந்தப் பொண்ணே சொல்லுது. சனிக்கிழமை இவனை டீமுக்கு எடுக்கலாமான்னு பார்க்கத்தானே காலேஜ்லேர்ந்து ஆள் வர்றாரு?"

"எண்பத்து மூணு" என்றேன், நடுவர் காதில் விழும்படி. கையெழுத்துப் போட்டேன்.

பக்கத்தில்தான் நின்றான் கர்ட்டிஸ். வண்டியில் ஏறவில்லை. மூன்று மைல் நடந்தே வந்தான்.

ஜூலை 30, புதன்

வீட்டுக்காரர் டெல்மர் சாப்பாட்டைத் தள்ளி வைத்தார். "மூணு புள்ளி. மூணே மூணு. உன் வயித்துல பொறந்தவன்தானே அவன்?"

"அதனாலதான்."

கோயில் சமையலறையில் மார்லிஸ், உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டே: "ஒருத்தருக்கும் தெரிஞ்சிருக்காதே, லோரீன்."

எனக்குத் தெரியுமே. பொய்ச் சாட்சி சொல்லாதே என்ற கட்டளையில் பேஸ்பாலுக்கு மட்டும் விலக்கு எந்த வரியில் இருக்கிறது?

ஆகஸ்ட் 1, வெள்ளி

கர்ட்டிஸ் மூன்று நாளாகப் பேசவில்லை. ஜெபமாலை சொல்லும்போது அழுதேன். அவன் எதிர்காலத்தை நானே கெடுத்துவிட்டேனா? இருக்கலாம். ஆனாலும் மன்னிப்புக் கேட்க மாட்டேன், ஆண்டவரே. இதற்காக உம்மிடமும் கேட்க மாட்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

இறுதி ஆட்டம். கர்ட்டிஸுக்குப் பதில் டோபின் வீசினான். இடக்கையன். "இவன் போட்ட பந்து வந்து சேர்றதுக்குள்ள காபி ஆறிடும்" என்று டெல்மர் முனகினார். என் மேசைக்குப் பின்னாலிருந்து ஒருத்தர்: "எண்ண விரல் பத்தலேன்னா சொல்லு லோரீன், என்னுதையும் தர்றேன்."

"உங்க விரல் எனக்கெதுக்கு? தொட்டதெல்லாம் கீழ விழும்." நாலு பேர் சிரித்தார்கள்.

அந்த மெதுவான பந்துக்கு எதிரணியில் ஒருத்தனும் பொறுக்கவில்லை. முன்னாலேயே மட்டையைச் சுழற்றிச் சுழற்றி அவுட் ஆனார்கள். கர்ட்டிஸ் மைதானத்தின் வலது ஓரத்தில் பந்து பிடிக்க நின்றான். காலேஜ்காரர் நான்காவது இன்னிங்ஸில் எழுந்து போய்விட்டார். அதையும் பார்த்தேன்.

கடைசி இன்னிங்ஸ், 2–1, நாங்கள் முன்னால். ஒரு ஆட்டத்தில் நூற்றைந்து பந்துதான் உச்சம், அதைத் தொட்டால் டோபின் இறங்க வேண்டும். அதே ஆட்கள் இப்போது, "எத்தனை, லோரீன்? எத்தனை ஆச்சு?"

"தொண்ணூத்தேழு."

தொண்ணூற்றெட்டில் முடித்தான். சாம்பியன். எனக்கு யாரும் கை கொடுக்கவில்லை. வேண்டாம்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பூசை முடிந்து கர்ட்டிஸ்தான் வண்டி ஓட்டினான். வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்காமல் உட்கார்ந்திருந்தான்.

"செவ்வாய்க்கிழமை நானும் எண்ணிட்டுதான்மா இருந்தேன்."

"எத்தனை?"

"எண்பத்து மூணு."

"தோள் வலிக்குதா?" என்றேன்.

"ம்."

"எப்போதிலேர்ந்து?"

"ஜூன்லேர்ந்து."

ஐஸ் வைத்துக் கட்டினேன். இருபது நிமிடம். கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அவன் எழுந்து போகவில்லை.