அங்கியில் குத்தி வெச்ச ஊசி

என் குட்டிம்மாவுக்கு,

இங்க நானும் உங்கம்மாவும் சௌக்கியம், அதுலயும் என் மூளை ரொம்ப சௌக்கியம், படம் புடிச்சே பாத்தாச்சு! நீயும் உன் வயித்துல உதைக்கற வாண்டும் நல்லா இருக்கீங்களா? மாப்பிள்ளையை நான் ரொம்பக் கேட்டதாச் சொல்லு.

போன மாசம் உன்கூட வீடியோவுல பேசிக்கிட்டே இஸ்திரிப் பெட்டியை மறந்து, தைக்கக் குடுத்தவரோட பேன்ட்ல ஜன்னல் வெச்சேனே, அதுக்கப்புறம் நீ அம்மாகிட்ட, அப்பா கையில குழந்தையைத் தனியா விட பயமா இருக்கும்மா, பிரசவத்துக்கு இங்க நீ மட்டும் வான்னு அழுதியாமே. எனக்குக் கோபம் வரல கண்ணு, பயம்தான் வந்துச்சு. கத்திரிக்கோலைக் கையில வெச்சுக்கிட்டே கத்திரிக்கோலைத் தேடறேன் இப்பெல்லாம். கடைசிக் காலத்துல உன் தாத்தா என்னையே யாருப்பா நீன்னு கேட்டாரு, அந்த வழியில நானும் கிளம்பிட்டேனோன்னு தோணிடுச்சு. சரி, பாத்துடுவோம்னு உங்கம்மாவையும் கூட்டிக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போனேன். வார்த்தைங்களைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொன்னாங்க, கடிகாரம் வரையச் சொன்னாங்க, மறதி நோய் ஆரம்பிக்கறதா இருந்தா மூளையில முன்கூட்டியே கொஞ்சம் அடையாளம் தெரியும், படமும் எடுத்துப் பாத்துடலாம்னாங்க.

அங்கதான் கூத்து. உடுப்பை மாத்தி ஒரு அங்கி குடுத்தாங்க, அதுல முடிச்சுக் கயிறு அறுந்து தொங்குது. தையல்காரன் கை சும்மா இருக்குமா? கழட்டின சட்டையோட காலர்ல இருந்த ஊசி நூலை எடுத்து, உக்காந்த இடத்துலயே தைச்சுப் போட்டேன். ஸ்கேன் ரூம் வாசல்ல ஒரு பொண்ணு, உடம்புல இரும்பு கிரும்பு எதுவும் இருக்கக் கூடாது, மெஷின் இழுத்துடும் சார்னுச்சு. எதுவும் இல்லேன்னு நான் சத்தியம் பண்றேன், அந்தப் பொண்ணு கையில இருந்த கருவி கீ கீன்னு கத்துது. பாத்தா, பழக்கதோஷத்துல ஊசியை அந்த அங்கியிலேயே குத்தி வெச்சிருக்கேன்! வெச்சதே எனக்கு ஞாபகம் இல்ல. படம் எதுக்கு, முடிவு இங்கேயே தெரிஞ்சுபோச்சேன்னு சொல்லிட்டுத் திரும்பி நடக்கப் பாத்தேன். உங்கம்மா இருக்காளே, கல்யாணமான நாள்லேர்ந்து இவரு பக்கத்துல போனா குத்தும்மா, இது மறதி இல்ல, பொறவிக் குணம்னு சொல்லி அந்தப் பொண்ணை விழுந்து விழுந்து சிரிக்க வெச்சுட்டா. உள்ள போனா, எண்ணெய் போடாத தையல் மெஷின் மாதிரி ஒரே டகடகடகன்னு சத்தம். எனக்கு அது தாலாட்டு, சுகமாத் தூங்கிட்டேன்.

நேத்து டாக்டரம்மா படத்தைக் காட்டினாங்க. ஞாபகத்தைப் பாத்துக்கற இடம் சுருங்கல, வயசுக்கு ஏத்த மாதிரிதான் இருக்கு, கேள்விக்கும் நல்லாவே பதில் சொல்லியிருக்கீங்க, ஒரே நேரத்துல ரெண்டு வேலை பாக்காதீங்க, அவ்வளவுதான்னாங்க. இனி வரவே வராதுன்னு இப்பவே சொல்ல முடியாது, கொஞ்ச காலம் கழிச்சு இன்னொரு படம் எடுத்துப் பக்கத்துல வெச்சுப் பாப்போம்னும் சொன்னாங்க. பாக்கட்டும்! எனக்குத் தலைகால் புரியல, தெருவுல உங்கம்மா கையைப் புடிச்சுக்கிட்டே நடந்தேன், அவ வெக்கத்துல நெளியறா.

ஆகவே தாயே, எனக்கும் சேத்து டிக்கெட்டை ரெண்டாப் போடு. குழந்தைத் துணியெல்லாம் தைச்சு முடிச்சாச்சு. பொழுதோட சாப்பிடு, படியில பாத்து இறங்கு. சுகப்பிரசவம் ஆகி, தாயும் புள்ளையும் நூறு வருஷம் நல்லா இருக்கணும்.

ஒண்ணை மட்டும் மறந்துடாதே. வாண்டை என் கையில குடுக்கறதுக்கு முன்னாடி என் சட்டையை நல்லாத் தடவிப் பாத்துட்டுக் குடு. ஊசி இல்லேன்னு நான் சத்தியம் பண்ணுவேன், நம்பாதே.

உன் வரவுக்கு இல்ல, என் வரவுக்குக் காத்திருக்கும்,
அப்பா