மாடியில் மட்டும் பெய்த மழை

என்னங்க,

பேசுவதில்லை என்ற முடிவில் மாற்றமில்லை; அதனால்தான் எழுதுகிறேன். காலையில் மாடிச் செடிகளுக்குத் தண்ணீர் விட்டபோது குழாய் கைநழுவி, நீங்கள் பக்கத்தில் நட்டுவைத்திருக்கும் மழைமானியைக் குளிப்பாட்டிவிட்டது. அங்கே வைக்காதீர்கள் என்றுதானே நேற்று சண்டையே போட்டேன்! அது, நீங்கள் அதோடு இணைத்துவைத்திருக்கும் உங்கள் பொழுதுபோக்கு ஹாம் ரேடியோ வழியாக, நம் வீட்டில் பேய்மழை என்று ஊரிலுள்ள ரேடியோ நண்பர்களுக்கெல்லாம் தானாகவே பரப்பிவிட்டது. நீங்களோ குறட்டை.

உங்கள் ரேடியோ கூட்டாளி பல்டாக்டர் போனில் பதறினார். "தங்கச்சி, மாடிக்கு ஏறிடும்மா! படகோட வர்றேன்!"

"இங்க வெயில் கொளுத்துதுண்ணே."

"பயத்துல என்னென்னமோ பேசுறே, தைரியமா இரு!" என்று வைத்துவிட்டார்.

அவர் வண்டியிலிருக்கும் ரேடியோ இடத்தைச் சொல்லிக்கொண்டே வர, வண்டி உங்கள் ரேடியோ திரையிலுள்ள வரைபடத்தில் புள்ளியாக நகர்கிறது, பாலத்தைத் தாண்டியாயிற்று. நான் அக்கா வீட்டுக்கு நழுவுகிறேன். சாப்பாடு அடுப்பு மேடையில் மூடியிருக்கிறது. சாவி கதவிலேயே தொங்குகிறது. நீங்களே சமாளியுங்கள்.

பி.கு: ஜன்னல் வழியே பார்த்தேன். வந்துவிட்டார். நட்டநடுத் தெருவில், வேர்த்து விறுவிறுத்து, படகுக்குக் காற்றடிக்கிறார். நமக்காக அடித்துப்பிடித்து ஓடிவந்த மனுஷனை விட்டுவிட்டு ஓட மனசு வரவில்லை. நானே இறங்கிப் போய்ச் சொல்கிறேன். எழுந்ததும் மூன்று பேருக்கும் காபி போட்டுக் கீழே கொண்டுவாருங்கள்.

இப்போதும் பேசுவதாக இல்லை. காபி நன்றாக இருந்தால் பார்க்கலாம்.