தூணோரத்தில் போட்ட துண்டு

அன்பு மகள் கனகலட்சுமிக்கு, காளவாசலிலிருந்து அம்மா எழுதுவது. நானும் என் முழங்காலும் இங்கே ஒருத்தரை ஒருத்தர் அனுசரித்துப் போய்க்கொண்டிருக்கிறோம், வேறு குறை இல்லை. அங்கே ஜெர்மனியில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி அஸ்வினியும் அந்தக் குளிரில் தொண்டை கட்டாமல், இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று குலசாமியை நினைத்துக்கொண்டு இதை ஆரம்பிக்கிறேன். போனிலேயே சொல்லலாம்தான். ஆனால் போனில் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லச் சொல்ல எனக்குப் பேச்சு சுருங்கிப்போகிறது. பேப்பர் சரிம்மா சொல்லாது. அஞ்சாம் வகுப்புப் படித்த கை, கோணல்மாணலாக இருந்தால் நீயே நிமிர்த்திப் படித்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை நம் வைரமஹால் தியேட்டரைத் திறந்துவிட்டார்கள். அன்றைக்கு வந்திருந்தவர்கள் யார் யார் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தியேட்டரை இடிக்க விடக்கூடாது என்று குழு ஆரம்பித்த தனிஸ்லாஸ் சார் வந்திருந்தார், மிஷன் பள்ளிக்கூடத்தில் உனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், மீசை கூட அப்படியே இருக்கிறது, நரைத்ததோடு சரி. அவர் மகள் டயானா, பழைய கட்டிடங்களைச் சரிபண்ணுவதற்கென்றே படித்த பிள்ளை, அவள்தான் அம்புட்டு வேலையையும் நின்று பார்த்தது. கோரிப்பாளையத்திலிருந்து அமீதா பேகம், கல்யாணமான புதுசில் மாமியாருக்குத் தெரியாமல் மாட்னி பார்க்க வந்தவள், இப்போது மருமகளையே கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். தியேட்டர் முதலாளியின் பேரன் சிவபாண்டி, வெள்ளை வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம். நம் தெரு முத்துத்தாயின் மகன் சோணைமுத்து, லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். உன் தாய்மாமன் சுருளியும் வந்திருந்தான். அப்புறம் நான். மற்ற கூட்டமெல்லாம் பெயர் தெரியாத கூட்டம், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தவர்கள்.

இதில் யார் யார் மேல் எனக்கு என்ன வருத்தம் என்பது உனக்குத் தெரிந்ததுதான். சிவபாண்டி மூன்று சித்திரைக்கு முன்னால் ஜேசிபியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியவன், அந்த இடத்தில் துணிக்கடையும் மேலே கல்யாண மண்டபமும் கட்டப்போவதாக. சுருளி அந்தத் தியேட்டர் வாசலில் முப்பது வருசம் சைக்கிள் ஸ்டாண்டு வைத்துப் பிழைத்தவன், நாங்களெல்லாம் இடிக்காதே என்று கத்திக்கொண்டிருக்கும்போது முதல் ஆளாகக் காலிபண்ணிக் கொடுத்தான். அதைவிட, உன் கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு அப்பளம் வரவில்லை என்று பாதியில் எழுந்து போனானே, அது எனக்கு இன்னும் நெஞ்சில் நிற்கிறது. தனிஸ்லாஸ் சார் நல்ல மனுசர்தான், ஆனால் வேலை நடக்கும்போது ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இருந்த சுவரை அப்படியே திரும்பக் கட்ட வேண்டும், அதுதான் பழமை என்று ஒற்றைக்காலில் நின்றார். நாங்கள் கேட்கவில்லை. அந்தச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும், பாதிப் படத்தில் கதாநாயகன் தலை மட்டும்தான் தெரியும். முத்துத்தாய்தான் அவரிடம் பட்டென்று சொன்னாள், சார், ஒங்களுக்கு வேணும்னா தனியா ஒரு சுவர் கட்டித் தாரோம், நீங்க அதுக்கு அந்தப் பக்கம் உக்காந்து பாருங்க என்று. டயானா சிரித்த சிரிப்பில் சாருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சுவர் அடையாளத்துக்குத் தரையில் ஒரு கோடாக மட்டும் இருக்கிறது இப்போது.

முத்துத்தாய்க்கும் எனக்கும் பேச்சுவார்த்தை நின்ற கதையை உனக்கு முழுசாகச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை, அஸ்வினிக்கும் வாசித்துக் காட்டு. அந்தக் காலத்தில் பெஞ்சு டிக்கெட்டுக்கு நம்பர் கிடையாது. முதலில் உள்ளே ஓடி ஒரு துண்டோ பையோ போட்டால் அது அவர்கள் இடம், யாரும் தொட மாட்டார்கள், அதுதான் சட்டம். பெண்கள் பக்கத்தில் ஒரு தூண் உண்டு, அதன் ஓரத்து இடத்துக்குத்தான் அடிபிடி, முதுகு சாய்ந்துகொள்ளலாம், பிள்ளைக்காரிகள் பக்கத்துக் கொக்கியில் சேலையைக் கட்டித் தொட்டில் போட்டுவிட்டுப் படம் பார்ப்பார்கள், வெற்றிலை போடுகிறவர்கள் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை அந்தத் தூணில்தான் தடவுவார்கள். நீ வயிற்றில் ஏழு மாசம். ஆடி வெள்ளி, புதுப்படம், தெருவே தியேட்டரில். நான் முட்டிமோதி உள்ளே போய்த் தூணோரத்தில் துண்டைப் போட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்து பார்த்தால் நம் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற முத்துத்தாய் அங்கே உட்கார்ந்திருக்கிறாள், என் துண்டு அவள் காலுக்குக் கீழே கிடக்கிறது. இது நான் போட்ட இடம் என்றேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "துண்டா படம் பாக்கப்போகுது?" என்று கேட்டாள். வரிசை முழுக்கச் சிரித்தது. நான் அந்த வயிற்றோடு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்குப்பிறகு நாற்பது வருசத்துக்கு மேல் அவளிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. குழாயடியில் அவள் குடத்துக்கும் என் குடத்துக்கும் நடுவில் எப்போதும் வேறு ஒருத்தி குடம் இருக்கும். அவள் அம்மா செத்ததற்குப் போய்க் கட்டிப்பிடித்து அழுதேன், அவள் முகத்தைப் பார்க்காமல் அழுதேன். உங்கப்பா கேதத்துக்கு அவளும் வந்தாள், அவளும் அப்படித்தான் அழுதாள்.

ஜேசிபி வந்த அன்றைக்கு தனிஸ்லாஸ் சார் ஆள் அனுப்பினார், வயசான பெண்கள் முன்னால் உட்கார்ந்தால் போலீஸ் கைவைக்க யோசிக்கும் என்று. நான் போனேன். உண்மையைச் சொன்னால் தியேட்டருக்காக மட்டும் போகவில்லை, வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய, விட்டத்தைப் பார்ப்பதற்கு வாசலைப் பார்க்கலாம் என்றுதான் போனேன். சித்திரை வெயில், தார்ரோடு கால் வைக்க முடியவில்லை. கேட்டுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள், முத்துத்தாய் நடுவில். எனக்கு எங்கே உட்கார என்று தெரியவில்லை, மண்டை காய நின்றுகொண்டிருந்தேன். அவள் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்தாள், பக்கத்தில் தரையில் விரித்தாள், கையால் தட்டினாள். "வா மாயக்கா. இந்தத் தடவ ஒனக்குத்தேன் எடம் பிடிச்சிருக்கேன்" என்றாள். அவ்வளவுதான். நான் உட்கார்ந்தேன். சாயங்காலம் ஜேசிபி திரும்பிப் போகிறவரை நாங்கள் இரண்டு பேரும் அந்த ஒரே துண்டில் உட்கார்ந்திருந்தோம். சுருளி எதிர்ச்சாரியில் கைகட்டிக்கொண்டு நின்று வேடிக்கை பார்த்தான், அதையும் நான் மறக்கவில்லை.

அதற்கப்புறம் கோர்ட்டில் தடை வாங்கினார்கள், பேப்பரில் எங்கள் படம் வந்தது, கலெக்டர் ஆபீசுக்கு நடந்தார்கள், ஊரெல்லாம் உதவி கேட்டார்கள். கடைசியில் சிவபாண்டியே இறங்கிவந்து கட்டிடத்தைக் குழுவுக்குக் குத்தகைக்கு விட ஒத்துக்கொண்டான். ஞாயிறுதோறும் வேலை. கல்லூரிப் பிள்ளைகள் கூரை ஏறினார்கள், கொத்தனார்கள் சுண்ணாம்பில் கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் ஊற்றி அரைத்துப் பூசினார்கள், அந்த வாசம் தெருமுனை வரைக்கும் வரும். எனக்கும் முத்துத்தாய்க்கும் உப்புத்தாளைக் கொடுத்துப் பழைய பெஞ்சுகளின் இரும்புக்காலைத் தேய்க்கச் சொன்னார்கள். காலையில் அவள் என் வாசலில் வந்து நின்று இருமுவாள், பேர் சொல்லிக் கூப்பிட மாட்டாள், அந்த இருமல்தான் கூப்பாடு. காளவாசல் சிக்னலைக் கைபிடித்துத்தான் கடப்போம். தேய்க்கிற கை தேய்க்க, வாய் பேசிக்கொண்டே இருக்கும். நாற்பது வருசம் பேசாமல் விட்டதையெல்லாம் பேச வேண்டாமா. அவள் வீட்டுக்காரர் குடித்தது, சோணைமுத்துக்கு வந்த மஞ்சக்காமாலை, நீ பெரியமனுசி ஆன அன்றைக்கு அவள் ஜன்னல் வழியாகவே பார்த்தது, எல்லாம் சொன்னாள். பச்சைத் தாவணியில் நீ நின்றதை என்னைவிட அவள் நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள், அதிலே எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட. தூணில் அப்பிக்கிடந்த சுண்ணாம்பை அழுக்கு என்று சுரண்ட ஒரு பையன் வந்தபோது அவள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், இதுல எங்க ஆத்தா வெரலும் இருக்குடா என்று. டயானா அதை அப்படியே விடச் சொல்லிவிட்டாள். திறக்கிற அன்றைக்குத் தூணோரம் ஒனக்கு, பக்கத்துல நான், இனிமேல் சண்டை கிடையாது என்று முத்துத்தாய் அன்றைக்குத்தான் சொன்னாள்.

தைப் பொங்கல் கழித்து ஒரு ஞாயிறு அவள் இருமல் கேட்கவில்லை. நான் வாசலில் தூக்குவாளியோடு நின்றுகொண்டிருந்தேன், சோணைமுத்து வந்து சொன்னான், விடியக்காலையில் தூக்கத்திலேயே போய்விட்டாள் என்று. உனக்குப் போனில் சொன்னபோது நீ வயசாயிருச்சுல்லம்மா என்றாய். உனக்கு வேலை, நான் குற்றம் சொல்லவில்லை. ஆனால் வயசு ஒரு காரணமா சொல்லு, எனக்கும் அதே வயசுதானே, நான் உட்கார்ந்திருக்கிறேனே. அதற்குப்பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. ஒரு உப்புத்தாளை வைத்துக்கொண்டு தனியாகத் தேய்க்க என்னால் ஆகாது. அவள் துண்டு மட்டும் என் வீட்டுக் கொடியில் கிடந்தது, ஒரு மழைநாளில் தலை துவட்டிவிட்டுப் போட்டது, நானும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நான் எல்லோருக்கும் முன்னால் போய்விட்டேன். நீ பார்க்க வேண்டும் கனகு, வாசலில் இருக்கிற அந்த இரண்டு சிமெண்டு மயிலுக்கும் கழுத்து வந்துவிட்டது, மேலே ரோஸ் பச்சை கண்ணாடியெல்லாம் துடைத்து வெயில் உள்ளே விழுந்து தரையெல்லாம் பூவாகக் கிடந்தது. தூணோரத்தில் என் பையை வைத்தேன். பக்கத்து இடத்தில் அவள் துண்டைப் போட்டேன். தொண்டை வறண்டு தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் அந்த இடத்தில் யாரோ ஒரு பட்டுச்சேலைக்காரி உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருக்கிறாள். டயானா எதிரில் வந்து, பாட்டி துண்டக் கீழ விட்டுட்டீங்க, மடிச்சு வச்சிருக்கேன் என்று சிரித்த முகமாகக் கொடுத்தாள். அது எடம் பிடிச்சது தாயி, ஆள் வருது என்றேன். யாரு பாட்டி வாராங்க என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே துண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அம்புட்டுக் கூட்டத்தில் நான் நிற்கிறேன், அந்தம்மா என்ன ஏது என்று முழிக்கிறாள். அப்போது இரண்டு வரிசை பின்னாலிருந்து சுருளி எழுந்தான். "அது முத்துத்தாய் அக்கா எடம். எந்திரிங்கம்மா" என்றான். அந்தம்மா எழுந்து போனாள். அவனே என் கையிலிருந்து துண்டை வாங்கி உதறி அந்த இடத்தில் விரித்துவிட்டுப் போய் உட்கார்ந்தான். போகட்டும், அந்த அப்பளத்தை நான் விட்டுவிட்டேன். விளக்கை அணைத்தார்கள். பழைய கறுப்பு வெள்ளைப் படம். சனங்கள் கைதட்டினார்கள், விசிலடித்தார்கள், அமீதா பாட்டுக்குப் பாட்டு கூடவே முணுமுணுத்தாள். நான் சிரிக்கிற இடத்தில் சிரித்துவிட்டு இடதுபக்கம் திரும்பிப் பார்ப்பேன், அங்கே துண்டுதான் படம் பார்த்துக்கொண்டிருந்தது. இடைவேளையில் வெற்றிலை போட்டு மிஞ்சிய சுண்ணாம்பைத் தூணில் தடவினேன். எந்த விரல் அவளுடையது என்று தேடிப் பார்த்தேன், எல்லாம் ஒன்றுபோலத்தான் இருந்தது. படம் விட்டதும் சிவபாண்டி வந்து காலைத் தொட்டான், முதுகில் ஓங்கி ஒன்று வைத்து, நல்லாயிருடா என்றேன். அவன் கணக்கும் தீர்ந்தது. சோணைமுத்து ஆட்டோவில் ஏற்றிவிட்டான். சிக்னலில் கை பழக்கத்தில் பக்கத்தில் தேடியது.

நீ பிரிட்ஜில் வைத்ததை எடுத்துத் தின்னாதே, உனக்கு எட்டு வயசிலேயே வயிறு வலி உண்டு. அஸ்வினி தலைக்கு வாரத்தில் ஒருநாளாவது எண்ணெய் வை, அம்மாச்சி சொன்னேன் என்று சொல்லு. மாப்பிள்ளையை வண்டி நிதானமாக ஓட்டச் சொல். நீங்கள் மூன்று பேரும் நோய்நொடி அண்டாமல், கை நிறைய வேலையும் வீடு நிறையப் பேச்சுமாக இருக்க வேண்டும். மாசி சிவராத்திரிக்குக் குலசாமி கும்பிட வருவதாகச் சொன்னாய், மறந்துவிடாதே. வந்தால் நாம் இரண்டு பேரும் வைரமஹாலுக்குப் போவோம், உனக்கு நான் இடம் பிடித்து வைக்கிறேன்.

இப்படிக்கு உன் அம்மா,
மாயக்காள்.

கையெழுத்துப் போட்ட பிறகு ஒன்று தோன்றுகிறது. எல்லோரையும் மன்னித்துவிட்டேன் என்று நீ நினைத்துக்கொள்வாய், ஒரு ஆள் மிச்சம் இருக்கிறது. துண்டை மிதித்ததற்கு இல்லை, அது என்றைக்கோ போய்விட்டது. சண்டைக்காரியாகவே செத்திருந்தால் கேதத்துக்குப் போய் ஒரு பாட்டம் அழுதுவிட்டு, தலைமுழுகிவிட்டு வந்து சோறு தின்றிருப்பேன். நாற்பது வருசம் அவள் இல்லாமல் இருக்கப் பழகியிருந்த என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, படம் போடுவதற்கு முன்னால் எழுந்து போனாளே, அதற்குத்தான் மன்னிக்க மாட்டேன், அந்த முத்துத்தாயை.