பனிமலையில் எடுத்த படம்

மயிலம் முருகன் துணை

திண்டிவனம்
26-11-1961

மகன் பாண்டுரங்கனுக்கு உன் தாய் கோவிந்தம்மாள் சொல்ல, உன் மாமன் மகள் அம்சவள்ளி எழுதும் கடிதம். இங்கே யாருக்கும் உடம்புக்குக் குறைவில்லை. நீ அமெரிக்கா போய் மூன்று மாதம் ஆகிறது. வந்த கடிதம் நாலே நாலு.

"கடுதாசி போட்டா அங்க மாடு எத்தினி படி கறக்குதுன்னு எழுதிக்கினு கிடக்கிறான். சாப்டறானா தூங்கறானான்னு ஒரு வரி இல்ல. இத அப்படியே எழுது" என்கிறார் அத்தை. அப்படியே எழுதிவிட்டேன்.

வயலில் மல்லாட்டைக் கடலை பிடுங்கியாகிவிட்டது. மாமா கூடவே நின்று பார்த்துக்கொண்டார். நீ போயிருக்கிற விவசாய மாணவர் திட்டம் ஒரு வருஷம்தானே, ஆவணியில் நீ வந்து இறங்கு, ஐப்பசியில் உனக்கும் அம்சவள்ளிக்கும் கல்யாணம் என்று சொல்லிவிட்டார். இதை எழுதும்போது எழுதுகிறவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை என்று அத்தை எழுதச் சொல்கிறார். அது பொய்.

உன் முகம் பார்க்காமல் அம்மாவுக்குப் பேஜாராக இருக்கிறதாம். ஒரு போட்டோ எடுத்து அனுப்பு.

இப்படிக்கு,
கோவிந்தம்மாள்
(கை: அம்சவள்ளி)


வெர்மான்ட், அமெரிக்கா
21-1-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

படித்துச் சொல்லும் அம்சவள்ளிக்கும் மாமாவுக்கும் என் நினைவைச் சொல்.

இங்கே வீடு, வேலி, பாதை எல்லாம் பனியில் மூடிக் கிடக்கின்றன. நான் தங்கியிருக்கும் பண்ணை வீட்டார் நல்லவர்கள்தான். ஆனால் நான் தமிழ் பேசுவது மாட்டுக் கொட்டகையில் மட்டும்தான். இந்த ஊர் மாடுகள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

போன சனிக்கிழமை என்னைப் பனியில் சறுக்கும் விளையாட்டுக்கு ஒரு மலைக்குக் கூட்டிப்போனார்கள். நம் வயலில் சேற்றை மட்டப்படுத்தும் பரம்புப் பலகையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துக் காலுக்கு ஒன்றாகக் கட்டினால் எப்படி இருக்கும், அப்படி இரண்டு கட்டை. கையில் ஊன்ற இரண்டு கோல். ஆறு வயசுப் பிள்ளைகள்கூட என்னைத் தாண்டிக்கொண்டு விர்ரென்று போகின்றன. நான் பதினொரு தடவை விழுந்தேன். கடைசியாக விழுந்தபோது பாதையை விட்டு மரங்களுக்குள் போய்விட்டேன். கட்டை சிக்கிக்கொண்டது. எழுந்திருக்க முடியவில்லை. "ஐயோ அம்மா" என்று கத்தினேன். அந்த மலையில் அது யாருக்குப் புரியும்? என் பேரை ஒழுங்காகச் சொல்லக்கூட இந்த நாட்டில் ஒருவர் இல்லை என்று நினைத்தேன். அம்மா, அழுதுவிட்டேன். இங்கே வந்ததிலிருந்து தனியாக இருக்கிறேன் என்று அப்போதுதான் நன்றாகத் தெரிந்தது.

பிறகு தேடி வந்து தூக்கிவிட்டார்கள். நீ கேட்டாயே என்று அங்கேயே ஒரு படம் எடுக்கச் சொன்னேன். இதோடு வைத்திருக்கிறேன். இனி எழுதத் தாளில் இடமில்லை.

உன் மகன்,
பாண்டு


திண்டிவனம்
15-2-1962

மகன் பாண்டுரங்கனுக்கு,

படம் வந்தது.

அத்தான், கடிதத்தை நான்தான் படித்தேன். நீங்கள் அழுத இடம் வந்ததும் அத்தையின் மனசு தாங்காது என்று தாண்டிவிட்டேன். படத்தை எப்படித் தாண்டுவேன்? அத்தை வாங்கி வாசல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். உங்கள் பக்கத்தில் ஒருத்தி. கால்வரை வெள்ளை உடுப்பு, தலையிலும் முகத்திலும் வெள்ளைத் துணி. உங்கள் கையோடு கை கோத்திருக்கிறாள்.

"இன்னாடி இது, மாதாகோயில் தெரு லூர்துமேரி கல்யாணத்துல எடுத்தாங்களே, அதே மாதிரி இருக்குது" என்றார் அத்தை.

அப்பாவும் பார்த்தார். "கல்யாணம் ஆவாம எவன் பொம்பளையோட கை கோத்துக்கினு போட்டோவுக்கு நிப்பான்? விழுப்புரம் ஸ்டூடியோல போய்க் கேட்டுப் பாரு" என்றார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

இனி அத்தை சொல்வது. "கல்யாணம் பண்ணிக்கினியாடா? பண்ணிக்கினா பண்ணிக்கினேன்னு சொல்லிடு. என் தம்பி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

இது நானாக எழுதுவது. படத்தில் இருப்பவர் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். ஜல்தியாக எழுதுங்கள். பங்குனிக்கு மேல் பொறுக்க மாட்டேன் என்கிறார் அப்பா. நீங்கள் எழுதும்வரை நான் எதையும் நம்பமாட்டேன்.

அம்சவள்ளி


வெர்மான்ட்
4-3-1962

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதம் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அம்மாள் பண்ணைக்காரரின் அக்கா. வயது நாற்பத்தெட்டு. என் வயதில் அவருக்கு ஒரு மகன் இருக்கிறான். குளிருக்குத்தான் முகத்தை மூடியிருந்தார். அந்தக் கட்டையில் எனக்கு நிற்கத் தெரியாது. படம் எடுக்கிற நேரத்தில் வழுக்கி விழுந்துவிடப் போகிறேன் என்று கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டார். மயிலம் முருகன் மேல் சத்தியம். இவர் யார் என்று ஒரு வரி எழுதாமல் விட்டது என் தப்பு. மாமாவிடம் சொல்லிவிடு.

அம்சவள்ளி, இது உனக்கு. சத்தமாகப் படித்தாலும் சரி. அன்றைக்கு மரங்களுக்குள் கிடந்தபோது அம்மாவுக்குப் பிறகு உன் பேரைத்தான் கூப்பிட்டேன். போன தடவை எழுத வெட்கமாக இருந்தது. இங்கே நான் பொழுது போக்குவதே ஐப்பசியை நினைத்துத்தான்.

பாண்டுரங்கன்


வெர்மான்ட்
20-5-1962

அம்மா,

சித்திரையும் போய்விட்டது. இது மூன்றாவது கடிதம். ஒரு பதிலும் இல்லை. உன் கோபம் இன்னுமா தீரவில்லை? என் கல்யாணத்தைப் பற்றி மாமாவுக்கு நானே எழுதுவது முறையில்லை என்று பொறுத்திருக்கிறேன். தினம் மத்தியானம் தபால் பெட்டிவரை நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். திட்டியாவது எழுது.

பாண்டு


திண்டிவனம்
23-7-1962

அத்தானுக்கு அம்சவள்ளி எழுதுவது.

ஆடிக்கு என்னை அப்பா வீட்டுக்கு அழைத்து வந்திருக்கிறார்கள். என்னை வானூரில் கொடுத்திருக்கிறது. பங்குனி போயும் உங்கள் பதில் இல்லை என்று அப்பா வைகாசி பதினெட்டாம் தேதி கல்யாணத்தை முடித்துவிட்டார். வீட்டுக்காரர் பேரை நான் எழுதக் கூடாது. நல்லவர்தான்.

மாசியில் உங்களுக்கு எழுதிப் போட்ட பிறகு, அத்தை வீட்டுப் படி ஏறக் கூடாது என்று அப்பா என்னைத் தடுத்துவிட்டார். பங்குனியில் உங்கள் கடிதம் வந்ததே எனக்குத் தெரியாது. அத்தை அதை யாரிடமும் கொடுக்கவில்லை. தபால்காரரே படித்துச் சொல்கிறேன் என்றாராம். "வெள்ளக்காரி மருமவளா வந்த சேதியத் தெருவே கேக்கறதுக்கா? நானும் கேக்க வேணாம்" என்று துணிப்பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார். அடுத்தடுத்து வந்ததும் அங்கேயே போனது. உள்ளே என்ன எழுதியிருக்குமோ என்று பயந்து, கடிதம் வந்ததையே யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

நேற்று அப்பாவே அத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வா என்றார். போனேன். மூன்று கடிதமும் ஒட்டினபடி இருந்தன. நான்தான் பிரித்தேன். ஒரு வரி விடாமல் படித்தேன், எனக்கென்று எழுதியிருந்ததையும் சேர்த்து. அத்தை தலையில் அடித்துக்கொண்டார். "யாராவது ஒருத்தர் கைல குடுத்திருந்தா உன்ன வுட்டிருக்க மாட்டனே" என்று அழுதார். ஆடிக்கு வந்த பெண் கண்ணீர் விட்டால் பிறந்த வீட்டுக்கு ஆகாதாம். நான் அழவில்லை. அப்பாவுக்கும் படித்துக் காட்டினேன். மறுபடி படி என்றார். படித்தேன். எழுந்து வயலுக்குப் போய்விட்டார்.

இனி அத்தை சொல்வது. "பாண்டு, நீ நல்லபடியா வந்து சேரு. முகையூர்ல ஒரு பொண்ணு இருக்குதாம். எட்டாவது படிச்சிருக்குதாம். எழுதப் படிக்கத் தெரிஞ்ச பொண்ணாத்தான் வேணும்னு கேட்டேன். இனிமே இந்த வூட்ல உன் கடுதாசி பிரிக்காம கிடக்கக் கூடாது. உனக்குச் சம்மதம்னா ஒரு வரி எழுது."

ஆடி முடியும்வரை இங்கேதான் இருப்பேன். அதற்குள் உங்கள் பதில் வந்தால் நானே படித்துச் சொல்கிறேன்.

கோவிந்தம்மாளுக்காக,
அம்சவள்ளி