நீ கவிழ்த்துப் போட்ட சீட்டு

நேற்று டிவியைத் துடைக்கும்போது திரையின் இடது மூலையில் பசைக் கறை விரலில் தட்டுப்பட்டது. நீ ஒட்டிய காலண்டர் தாளின் மிச்சம். போக்கர் ஒளிபரப்பில் ஆடுபவர்களின் சீட்டைக் காட்டும் இடம் அது. "அல்லார் சீட்டும் தெரிஞ்சா நானும் சாம்பியன்தான் மச்சி. மூடிட்டுப் பாரு, அப்பதான் மண்டைல எதனா ஏறும்" என்றாய்.

அந்த மூலையை மூடிவைத்தே பார்த்தேன், மாதக்கணக்கில். ஏறியதா? ஞாயிற்றுக்கிழமை ஈக்காட்டுத்தாங்கல் பட்டறையைப் பூட்டிவிட்டு அபிராமபுரத்தில் என் வீட்டுக்கு வந்து, பணத்துக்குப் பதில் கேரம் காய்களை வைத்து ஆடி, என்னைத் துடைத்தெடுத்துவிட்டுத்தான் கிளம்புவாய். டிவி எனக்குக் கற்றுத்தந்தது கண் சிமிட்டாமல் உட்காரும் திமிர் மட்டும்தான்.

நாம் கடைசியாக ஆடிய ஞாயிறன்று, உன் குரல் கம்மிப்போய் வெகுநாள் ஆகியிருந்தது. இட்லியைக்கூட சாம்பாரில் கரைத்துத்தான் விழுங்கினாய். டாக்டர் என்றாலே எரிந்து விழுந்தாய். உன் மனைவி என்னிடம் வந்து அழுதிருந்தார். எனக்கும் பொறுமை போய்விட்டது.

"இந்த ஆட்டம் நான் ஜெயிச்சா நாளைக்கு என்கூட அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வர்ற."

"நான் ஜெயிச்சா?"

"அதப் பத்தி இனிமே வாயே தெறக்கமாட்டேன்."

"பேச்சு மாறக் கூடாது" என்று சீட்டைக் கலைத்தாய்.

சொன்ன பிறகுதான் தோற்றால் என்ன ஆகும் என்று உறைத்தது. கையில் வந்தவை ஏழும் இரண்டும். அதைவிட மட்டமான சீட்டு கிடையாது. இருவருக்கும் பொதுவாக மேசையில் விரித்த ஐந்திலும் எனக்கு உதவ ஒன்றுமில்லை. இருந்த காய்களையெல்லாம் நடுவில் தள்ளினேன். நீயும் சமமாக வைத்தால் சீட்டைத் திறக்க வேண்டும், நான் தீர்ந்தேன். நீ ஒதுங்கினால் திறக்காமலே ஜெயிப்பேன். டிவியில் ஆடுபவர்கள் மாதிரி மூச்சை அடக்கிக்கொண்டு உன் நெற்றியையே பார்த்தேன். கழுத்தில் வியர்வை இறங்கியது. துடைக்கவில்லை.

நீ காய்களைத் தொட்டாய். கையை எடுத்தாய். மறுபடி தொட்டாய். எச்சில் விழுங்கினாய், வலித்தது முகத்தில் தெரிந்தது.

"இன்னா மச்சி, டிவி மூஞ்ச வச்சிக்கினு கீற" என்று சிரித்துவிட்டு உன் சீட்டைக் கவிழ்த்துப் போட்டாய்.

எடுத்துப் பார்க்கக் கை நீட்டினேன். உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டாய்.

"கவுத்த சீட்டப் பாக்கக் கூடாது. காலைல எத்தினி மணிக்கு, அதச் சொல்லு."

மறுநாள் ஆட்டோவில் ஏறியதிலிருந்து என் மணிக்கட்டை விடவில்லை. முன்பே வந்திருக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். அதற்குப் பிறகு, நீ போய்ச்சேரும்வரை, நாம் சீட்டுக்கட்டைத் தொடவே இல்லை.

டிவி பார்த்தால் ஆட்டம் தேறுமா என்று ஆபீஸில் யாராவது கேட்டால், எனக்கு ஒரே ஒரு ஆட்டத்துக்குத் தேறியது என்று சொல்ல ஆசைதான். ஆனால் உன்னை நான் ஏமாற்றி ஜெயித்தேனா, இல்லை, யாராவது இழுத்துக்கொண்டு போகமாட்டார்களா என்று பயத்தோடு காத்திருந்து நீயே விட்டுக்கொடுத்தாயா, இன்றுவரை தெரியவில்லை. எப்படியோ வந்தாய், அது போதும் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கிறேன். போதவில்லை. அந்தப் பொய் ஆட்டத்தை இன்னும் கொஞ்சம் சீக்கிரம் ஆடியிருக்கலாம், மச்சி.